தொண்ணூற்றாறு புத்தகம் காணாமல் போகவேண்டும்

ஜூன் முதல் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வெளியே சாரல். உள்ளே, பள்ளி நூலகத்தின் வடமேற்கு மூலையில், வருடா வருடம் உள்ள ஒழுக்கு. வாளியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். தன் பொருள் களவு போகவில்லையே என்று மனம் நொந்த முதலாளி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரிடம் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பயரி. சொந்தப் பெயர் பள்ளிக்கூட வாசல் பலகையில் இரண்டு மொழியில் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

நெய்யூரிலிருந்து முட்டம் போகிற சாலையில் இருந்தது எங்கள் பள்ளி. பழைய நிர்வாகத்தார் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எக்ஸ்பயரி, மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. தம்பி ஊரில் இருந்தபடி கணக்குப் பார்ப்பவர். எக்ஸ்பயரி மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் சூப்பர் மார்க்கெட்டில் கழித்தவர். தள்ளுவண்டி தள்ளப் போனவர் கடைசியில் சொந்தமாக ஒரு கடையே நடத்தி, அதை விற்று, அந்தப் பணத்தை எங்கள் பள்ளியில் போட்டுத் தாளாளர் ஆகியிருந்தார்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஏழு பீரோக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு, என் இடுப்பில் பதினான்கு சாவிகள். காணாமல் போகும் புத்தகத்துக்கு நூலகர் இருமடங்கு விலை கட்டவேண்டும் என்பது பள்ளியின் விதி. எனக்கு முன்னால் இருந்த நூலகர் ஓய்வு பெற்ற அன்று அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் குறைந்தது. முப்பது வருட வேலைக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும். அன்றைக்கு எண்ணுவதற்கு உதவியவன் நான். அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வாழ்க்கையில் ஒரே நோக்கம்தான். ஒரு புத்தகம் குறையாமல் ஒப்படைத்துவிட்டு, பணிக்கொடையை முழுசாக வாங்கி, வீட்டு ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடவேண்டும். இருபத்தாறு வருடம் தாண்டியாயிற்று. மூன்று வருடம் பாக்கி.

இந்த நோக்கத்துக்காக நான் வகுத்த முறை எளிமையானது. பிள்ளைகள் வாரம் ஒருமுறை வரிசையாக வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் புத்தகங்களைப் பார்ப்பார்கள். யாருக்காவது புத்தகம் வேண்டுமென்றால் தகப்பனார் கடிதம், வகுப்பாசிரியர் கையெழுத்து, தலைமை ஆசிரியை கையெழுத்து. எவனும் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை உள்ளே வந்தவர் நேராகப் பீரோ முன்னால் நின்றார்.

"ஒரு புத்தகம் எடுங்க சாரே."

திறந்து எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டையைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"டேட் எங்க போட்டிருக்கு?"

"எந்த டேட் சார்?"

"எக்ஸ்பயரி டேட். எப்போ கெட்டுப் போவும்?"

"புத்தகம் கெட்டுப் போவாது சார்."

"வெளங்கும்! கெட்டுப் போவாதுன்னுதான் இருபத்தாறு வருஷமா உள்ள வச்சுப் பூட்டியிருக்கிய."

அந்நேரம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. மத்தியானத்துக்குள் பெயர் மதில் தாண்டியது. சாயங்காலம் முட்டம் கலங்கரை விளக்கம் வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை போவும்?" என்று கேட்டார்.

"போவாது சார்."

"காணாமப் போனது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று இருபத்தாறு வருடம் காத்திருந்தவன் நான். நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுகூட இல்ல சார்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டர், சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, ஒரு சாமானும் களவு போவல்லன்னா அந்தக் கடைக்கு ஆளு வரலன்னு அர்த்தமாக்கும். என் கடையில நூத்துக்கு ரெண்டு போவும். பிஸ்கட் போவும், பேட்டரி போவும், ஒருக்கா ஒரு மூடை வெங்காயம் நடந்து போச்சு. ஒண்ணும் போவாத மாசம் எனக்கு ஒறக்கம் வராது."

கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டார். நூற்றுக்கு இரண்டு என்றால் தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு நான்கு. புள்ளிக்குப் பின்னால் உள்ளதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

"வருஷம் தொண்ணூத்தாறு புத்தகம் காணாமப் போணும். மனசிலாச்சா?"

"ஒரு வரி எழுதித் தந்திருங்க சார்" என்றேன்.

"களவுக்கு ஆர்டர் எழுதித் தரவா? என்னைப் போலீஸ் கொண்டு போவும் சாரே. போறது என் கணக்கு. நீங்க சும்மா இருங்க."

மறுநாள் ஓர் ஆசாரி வந்தார். பதினான்கு கண்ணாடிக் கதவுகளையும் கழற்றிவிட்டார். சாவிக் கொத்தை எக்ஸ்பயரி தன் கார் டிக்கியில் போட்டுக்கொண்டார். நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஞானபாய், பதினெட்டு வருடமாக என்னைச் சகித்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாருக்கு இப்பந்தான் இடுப்பு இடுப்பாட்டு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நாளுக்கு மூன்று முறை எண்ணத் தொடங்கினேன். "எண்ணாதீங்க சார், புத்தகம் தேஞ்சிரும்" என்பாள் ஞானபாய். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ணுவேன். வேண்டுமென்றே, நான் மூவாயிரத்தைத் தாண்டும்போதுதான் அவள் மணி கேட்பாள்.

எக்ஸ்பயரியின் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி தொங்கும். எந்த இடத்தில் எது அடுக்கியிருந்தாலும் அதைத் துடைத்து, முன்னால் இழுத்து, அதன் முகம் நம்மைப் பார்க்க வைக்காமல் அவரால் நகர முடியாது. ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரங்களை அளவு பார்த்து அடுக்குவார். ஒருநாள் தமிழாசிரியர் அறிவியல் ஆசிரியையின் மீன்குழம்பைத் தின்றதற்கு அதுதான் காரணம். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளின் தோளைப் பிடித்து வரிசையை முன்னால் இழுப்பார். பழைய தலைமை எழுத்தர் இறந்தபோது, துக்க வீட்டில் மலர்வளையங்களைச் சிறியது முன்னால், பெரியது பின்னால் என்று அவர் மாற்றி வைத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இறந்தவரின் மகன் நன்றி சொன்னான்.

நூலகத்தையும் கடையாகவே அடுக்கினார்.

"கடையில அரிசி எங்க இருக்கும் சாரே?"

"எனக்குத் தெரியாது சார். வீட்டுக்காரிதான் வாங்குவா."

"கடைசியில இருக்கும். அரிசிக்கு வாறவன் மிட்டாய், சோப்பு, பொம்மை எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அங்க போணும். நம்ம பிள்ளைகளுக்கு எதாக்கும் அரிசி?"

"வினா விடைப் புத்தகம் சார்."

"அதைக் கொண்டு கடைசிச் சுவத்துல வையுங்க."

அடுத்து, பழையதெல்லாம் வாசல் பக்கம், பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு வந்தது. புதியது பின்னால் போனது. பால் பாக்கெட்டை அப்படித்தான் அடுக்குவார்களாம், பழையது முதலில் போகவேண்டும் என்று. இருபத்தாறு வருடம் ஒரு கைகூடப் படாத, கோழி வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகம் இப்படி வாசலுக்கு வந்து, ஒரே மாதத்தில் ஐந்து வீடுகளுக்குப் போய்வந்தது. ஆறாவது வீட்டுக்குப் போகுமுன் ஒரு சேவல் எட்டாம் வகுப்புக்கு வந்தது.

எல்லா யோசனையும் பலித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு புத்தகம் எடுத்தால் ஒரு கடலை மிட்டாய் இலவசம் என்றார். பிள்ளைகள் ஒரே இடைவேளையில் மூன்று முறை வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எறும்பு வந்தது. எறும்பு வரலாற்றுப் பகுதியில் குடியேறிவிட்டது என்று புகார் சொன்னேன். "அதுவாவது வாசிக்கட்டு" என்றார். இன்னொரு நாள் வாசலில் 'இன்றே கடைசி நாள்' என்று பலகை வைத்தார். நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று பிள்ளைகள் பதறி ஓடிவந்து, ஒரு மத்தியானத்தில் அறுபத்தொரு புத்தகம் எடுத்துப் போனார்கள். அந்தப் பலகை ஒரு வாரம் அங்கேயே நின்றது. எது கடைசி நாள் என்று தலைமை ஆசிரியை கேட்டபோது, அவர் மஞ்சள் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார்.

புத்தகங்கள் போயின. ஆனால் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. இருபத்தாறு வருடம் கையைப் பின்னால் கட்டி வளர்ந்த பள்ளிக்கூடம் அல்லவா? அரையாண்டு விடுமுறைக்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை போச்சு?"

"மூணு சார்."

"மூணா?" முகம் வாடிவிட்டது. "தொண்ணூத்தாறுல மூணா சாரே?"

பரீட்சையில் தோற்ற பிள்ளையின் தகப்பனைப் போல எழுந்து போனார். மறுநாள் மத்தியானம் நூலகம் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது உள்ளே வந்தார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். எல்லோரும் பார்க்கச் சட்டைக்குள் செருகினார். நுனிக்காலில் வாசலை நோக்கி நடந்தார். வாசலில் ஞானபாய் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள். அவளுக்கு ஆளைத் தெரியாமல் இல்லை.

"நில்லுங்க. வயித்துல என்னவாக்கும்?"

"வயிறு."

"எந்த ஊர்ல வயிறு நாலு மூலையாட்டு இருக்கும்?"

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். எக்ஸ்பயரி புத்தகத்தை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார். "பாத்தியளாலே? இப்படிக் கொண்டு போனா பிடிச்சிருவா. நோட்டுகளுக்கு இடையில வச்சுக் கொண்டு போணும்!"

தாளாளரே இப்படிச் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். நானும் கூடினேன். எங்களுக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "வாசிச்ச புத்தகம் திரும்பி வரும் சாரே. ரொம்பப் பிடிச்ச புத்தகம் திரும்பி வராது. அது வீடு பிடிச்சுப் போச்சுன்னு வச்சுக்கிடுங்க."

அதற்குப் பிறகு போகத் தொடங்கின. பிப்ரவரியில் மொத்தம் இருபது, ஏப்ரலில் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்குள் ஒரு ஓடு உடைந்தது. பழைய நூலகரின் சுவர்க்கடிகாரம் கனவில் டிக் டிக் என்றது.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனி வீட்டு விசேஷத்துக்கு முட்டம் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு நேரமிருந்ததால் கடற்கரைக்கு நடந்தேன். பாறை நிழலில் ஒரு மீனவர் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை, சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் முதுகில் வெள்ளை மையில் 2317 என்று இருந்தது. என் கையெழுத்து. பிடித்துவிட்டேன் என்று பாய்ந்து போனேன்.

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தகப்பன் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "செத்த நேரம் பேசாண்டு இருங்க அண்ணாச்சி" என்று கையைக் காட்டி ஒரு கல்லில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கதையில் ஒருவன் கிணற்றுக்குள் இறங்கியிருந்தான். மேலே நின்ற கூட்டாளி கயிற்றை மெல்ல உருவிக்கொண்டிருந்தான். தகப்பனின் கையில் ஊசி அப்படியே நின்றது. அந்நேரம் பார்த்து என் மனைவி பந்தி போட்டாயிற்று என்று கூப்பிட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, அந்த ஆள் வெளியே வந்தானா என்று பார்க்க 2317-ஐத் தேடினேன். பாதி அலமாரி தேடிய பிறகுதான் அது முட்டத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. இருபத்தேழு வருடம் அந்தப் புத்தகத்தைக் காவல் காத்திருக்கிறேன். ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை.

எக்ஸ்பயரியிடம் சொன்னேன்.

"வாங்கிட்டு வந்தியளா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"கிணத்துக்குள்ள ஆள் கெடக்கும்போ எப்படி சார் கேக்க?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மஞ்சள் துணியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

நூலகத்தில் பலித்த கடைக்காரப் புத்தி கட்டணம் வாங்கும் இடத்தில் அவரைக் கவிழ்த்தது. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். வந்து நின்றாலே அவருக்குப் போதும். "அந்த ஊர்ல வேலை போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா? பற்றுல எழுதுங்க, கிடைக்கும்போ தரட்டு" என்பார். அவருடைய மைத்துனர் கூட்டிப் பார்த்தார். குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாம் வருட முடிவில் எக்ஸ்பயரி நிர்வாகத்திலிருந்து விலகுவது, அவருடைய பங்கைப் பிறகு கொடுப்பது என்று முடிவானது. ஐம்பத்தாறு வயதில் அவர் மறுபடியும் மஸ்கட் போவதாகச் சொன்னார்கள். முன்பு அவர் கடை இருந்த அதே தெருவில், வேறொருவருடைய கடையில், சரக்கு இறக்கும் இடத்தில் மேற்பார்வை.

நாங்கள் முப்பத்தொன்பது பேர் அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கினோம். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தேநீர்கூட ஏற்பாடு செய்யவில்லை. கேட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சமாதானம் ஆவதில்லை.

போகிற அன்று நூலகத்துக்கு வந்தார். பழக்கதோஷத்தில் ஒரு புத்தகத்தை விளிம்புக்கு இழுத்து நேராக்கினார்.

"எத்தனை ஆச்சு சாரே?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"ரெண்டு வருஷத்துக்கு நூத்தித் தொண்ணூத்திரெண்டு வரணும். கொறவுதான்."

"அடுத்த வருஷம் சரிக்கட்டிரலாம் சார்" என்றேன்.

இந்த வார்த்தை என் வாயிலிருந்தா வந்தது என்று ஞானபாய் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவர் என் கையைப் பிடித்தார், விட்டார், போனார்.

மைத்துனர் தாளாளர் ஆனார். ஜூன் மாதமே கண்ணாடிக் கதவுகள் திரும்ப வந்தன. மேலும் பதினேழு புத்தகங்கள் அதற்குள் வீடு பிடித்திருந்தன. அடுத்த ஏப்ரலில் நான் ஓய்வு பெற்றேன். மூன்று பேர் எண்ணினார்கள். குறைவது நூற்று ஐம்பத்தெட்டு. அதை முதல் நாளே நான் சொல்லியிருந்தேன். யாரும் நம்பாமல் இரண்டு முறை எண்ணினார்கள்.

புதிய தாளாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சார், உங்க மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. அத்தான் சொல்லித்தான் கதவைக் கழட்டினோம்னு ஒரு வரி எழுதித் தாங்க. அவருக்குக் குடுக்க வேண்டிய பங்குல கழிச்சுக்கிடுவோம். உங்களுக்கு ஒரு பைசா போவாது."

அது உண்மையும்கூட. அவரே வாயால் சொன்னதுதான், போறது என் கணக்கு என்று. பேனாவையும் எடுத்து நீட்டினார்கள். நல்ல பேனா. எனக்கு வீட்டு ஓடு நினைவுக்கு வந்தது. மஸ்கட்டில் எவனுடைய கடையிலோ சரக்கு மூடைகளை முகம் பார்க்க வைத்துக்கொண்டிருக்கும் மஞ்சள் துணியும் நினைவுக்கு வந்தது.

"லைப்ரேரியன் நான்தானே சார்" என்றேன்.

"அப்போ உங்கள்ட்டல்லா பிடிக்க வேண்டி வரும்?"

"பிடிச்சுக்கிடுங்க."

வெளியே ஞானபாய் நின்றாள். "சாருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, என் சாப்பாட்டுப் பையை அவளே வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். வீட்டுக்கு இன்னும் ஓடுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம்.

"சாரே! ரிட்டயர் ஆயாச்சாமே? பணம் முழுசும் தந்தானா அவன்?"

"தந்தாரு சார்."

"புத்தகத்துக்கு ஒண்ணும் பிடிக்கலல்லா? பிடிச்சிருந்தா சொல்லணும். ஒளிக்கக் கூடாது. போறது என் கணக்குன்னு நான் சொன்னதாக்கும்."

அங்கே யாரோ ஓர் இளவயதுக் குரல் அவரை அதட்டிக் கூப்பிட்டது. "வாறேன் சார், தோ வாறேன்" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு மெல்ல, "சொல்லுங்க சாரே" என்றார்.

"பைசா கொறையாம தந்துட்டாங்க சார். ஒண்ணும் பிடிக்கல" என்றேன்.

பிடித்தது பதினேழாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.